கேமராவுக்குக் கேட்ட குரல்

சமையலறை விளக்கு தானாக எரிந்தபோது டீச்சர் ஹால் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

"சரி, சமையலறை விளக்கைப் போட்டுவிட்டேன்," என்றது அலமாரி மேலிருந்த, குரலுக்கு வேலை செய்கிற ஸ்பீக்கர், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற பணிவோடு.

யாரும் கேட்கவில்லை. கணவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். வீட்டில் அவள் ஒருத்திதான். அவளோ தொண்டை ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. புண் ஆறுமுன் கிசுகிசுத்தால்கூடக் குரல் போனது போனதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாடம் நடத்தியே பிழைப்பவளுக்கு அதைவிடப் பெரிய மிரட்டல் வேறு வேண்டுமா? இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட அடக்கிக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டதில் சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. சன்னல் திண்டில் நீர் சொட்டுகிற சத்தம், ஈரத்துணி காயாத வாடை, பிரிட்ஜின் முனகல். எழுந்து போய் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சரி, மறுபடியும் போட்டுவிட்டேன்," என்றது ஸ்பீக்கர்.

அந்த ஸ்பீக்கருக்கு அவள் குரலை மட்டும்தான் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால், அது சொல்லச் சொன்ன வாக்கியங்களையெல்லாம் பொறுமையாகப் படித்துக்காட்டிப் பழக்கியிருந்தாள். டீச்சர் சொன்னதை முதல் தடவையிலேயே கேட்கிற மாணவி இந்த ஊரிலேயே இந்த ஸ்பீக்கர் ஒருத்திதான் என்று கணவன் கேலி செய்வான். டிவியில் வருகிற குரலுக்கோ, அவன் குரலுக்கோ அது அசைந்து கொடுத்ததே இல்லை.

கொழுந்தனுக்குச் செய்தி அனுப்பினாள். வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமரா மாட்டுவது அவன் தொழில். இந்த வீட்டுக் கேமராக்களும் அவன் மாட்டியவைதான். அவை ஒரு கம்பெனி, ஸ்பீக்கர் இன்னொரு கம்பெனி. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். கேமராவை டிவியில் காட்டு என்றால், இந்தச் சாதனத்தோடு என்னால் பேச முடியவில்லை என்று ஸ்பீக்கர் கையை விரித்துவிடும். போன வாரம்தான் கொழுந்தன் இரண்டுக்கும் நடுவில் தரகர் மாதிரி ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினான். இனிமேல் கேமராக்களின் காதும் ஸ்பீக்கரின் காதுதான், எந்த அறையில் நின்று சொன்னாலும் கேட்கும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

உடனே போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அவள் பேச முடியாததால், ஆமாம் என்றால் போனை ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். இது புதுசாகச் சேர்ந்த ஜோடி, கொஞ்ச நாள் இப்படித்தான் ஒன்றை ஒன்று தப்பாகப் புரிந்துகொள்ளும் என்று சிரித்தான். அண்ணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணன் விட்டுப்போயிருந்ததால் கேமராப் படமும் சத்தமும் அவன் போனிலும் வரும். இருங்க, பார்க்கிறேன் என்றான்.

பிறகு அவன் குரல் கண்டிப்பாக மாறியது.

"என்ன அண்ணி இது? பேசக்கூடாதுன்னு டாக்டர் அவ்வளவு சொல்லியும் இப்படிப் பேசிக்கிட்டு இருக்கீங்களே?"

அவள் இரண்டு தட்டு தட்டினாள்.

"இல்லன்னா என்ன அர்த்தம்? ஹால் கேமராவுல நல்லா கேக்குதே. உங்க குரல்தான்."

இரண்டு தட்டு. நகம் வலிக்கிற மாதிரி இரண்டு தட்டு.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஹாலில் மழையையும் அவள் மூச்சையும் தவிர எந்தச் சத்தமும் இல்லை. மூலையில், மேலே, கேமராவின் சிவப்புப் புள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டலின் அவசரம் கொழுந்தனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்தச் சின்னப் பெட்டியை முதலில் பிடுங்குங்கள், நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

டிவிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். தூசி. ஒயர்கள். காய்ச்சல் கண்ட உடம்புபோலச் சுட்டது பெட்டி. பிடுங்கினாள். அதன் பச்சை விளக்கு அணைந்தது.

"சரி," என்றது ஸ்பீக்கர். "முன்கதவைப் பூட்டிவிட்டேன்."

கடக்கென்று தாழ் விழுந்தது.

ஓடினாள். கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. சாவி போட்டுத் திறக்கிற பழைய பூட்டை எடுத்துவிட்டு, குரலுக்குத் திறக்கிற இந்தப் பூட்டைப் போட்டதே அவள் பிடிவாதத்தில்தான். பேச்சை நிறுத்திய நாளிலிருந்து அதைப் பூட்டாமலே விட்டிருந்தாள்.

போனில் கொழுந்தன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். ம்... ம்... சரி... அப்படியா. யாரிடம்? இந்த இணைப்பில் இருப்பது அவள் மட்டும்தான்.

"அப்பாடா," என்றான். "பயந்தே போயிட்டேன் அண்ணி. நீங்களே சரியாயிடுச்சுன்னு சொன்ன பிறகு என்ன. நான் வரல."

இரண்டு தட்டு. இரண்டு. இரண்டு. இரண்டு.

"அதான் வாயால சொல்லிட்டீங்களே, இன்னும் எதுக்குத் தட்டறீங்க? போய்ப் படுங்க."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

இனி ஒன்றுதான் இருந்தது. டாக்டரின் முகம் நினைவுக்கு வந்தது. வகுப்பறை நினைவுக்கு வந்தது. போனால் போகட்டும். வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் பிளேடு இறங்கிய மாதிரி இருந்தது.

"கதவைத்... திற."

தகரத்தைத் தரையில் இழுத்தது போன்ற சத்தம். வாயில் ரத்தத்தின் உப்பு.

"மன்னிக்கவும்," என்றது ஸ்பீக்கர். "உங்கள் குரல் இந்த வீட்டில் உள்ளவர்களுடையது இல்லை."

அவள் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டாள்.

"சரி," என்றது அது, வேறு யாருக்கோ. "ஹால் கேமராவை டிவியில் காட்டுகிறேன்."

பெட்டியைப் பிடுங்கியும் திரை வெளுத்தது. ஹால். சோபா. கதவு. கதவோரம் அவள், அதே நீலப் புடவையில். திரையில் இருந்தவள் பேசிக்கொண்டிருந்தாள். சரளமாக. கையை ஆட்டி ஆட்டி. டீச்சர் தன் உதடுகளை இரண்டு கைகளாலும் அழுத்திப் பொத்தினாள். உதடுகள் மூடித்தான் இருந்தன. திரையில் கைகள் வாய்ப்பக்கமே போகவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

பிறகு திரையில் இருந்தவள் கதவை விட்டு நகர்ந்தாள்.

அவள் நகரவில்லை.

திரையில் கதவோரம் காலியாக இருந்தது. வெறும் கதவு. அங்கே யாரும் நிற்கவில்லை. அந்த இன்னொருத்தி நிதானமாக ஹாலைக் கடந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்தாள்.

அவள் திரையிலிருந்து கண்ணைப் பிடுங்கி சோபாவைப் பார்த்தாள்.

காலியான சோபாவின் மெத்தை, ஒரு ஆள் கனத்துக்கு, மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.