விட்டுப்போன மாநிலம்

தெற்கு மாநிலங்கள் எவை என்று மூன்று நாளாக நடந்த சண்டையில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதிகமாகக் கத்தியது நான்தான்.

1974-ஆம் வருடம், கோவிந்தாபுரத்தில் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ‘தெற்குச் சகோதரிகள்’ என்று ஒரு நாடகம். வாடகைச் சேலை நான்கு. அதனால் மாநிலமும் நான்கு. தமிழ்நாடு, ஆந்திரா, புதுப்பெயர் வைத்துக்கொண்ட கர்நாடகா. இந்த மூன்று வேஷத்துக்கும் ஆள் கிடைத்தாயிற்று. நான்காவதுதான் வம்பு.

“ஒரிசாதானுங்க சார். அங்கயும் சோறுதான் திங்கறாங்க” என்றாள் ராசம்மாள். தமிழ்நாடு வேஷம் அவளுடையது. வம்புக்காகவே வாதாடினாள்.

“சோறு திங்கறவங்க எல்லாம் தெற்குன்னா சீனாக்காரனையும் சேர்த்துக்கலாம் புள்ள! மகாராஷ்டிராதானுங்க சார். அங்க சேலையைப் பின்னால செருகிக் கட்டுவாங்க, எங்கம்மாளாட்டவே” என்றேன். என் மாமா நாசிக்குக்கு லாரி ஓட்டுகிறவர். என் பூகோள அறிவு முழுவதும் அந்த லாரியில் வந்ததுதான்.

பங்குனி வெயில். நாடகம் சொல்லிக்கொடுத்த ஆறுமுகசாமி சார் மேஜைமேல் தலையைச் சாய்த்தார்.

“மகாராஷ்டிராவே இருந்துட்டுப் போகட்டும். நாச்சம்மா, சேலையை நீயே கட்டிக்கோ. ஆளை விடுங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்களா சார்?” என்றாள் கதீஜா. வாதாடத் தெரியாதவள். ஆனால் எல்லோருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம். “நான் நடிக்கறேன்னு எங்கம்மா கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டாங்க.”

“சேலை தீர்ந்துபோச்சேம்மா.”

அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

நான் சார் கொடுத்த அழைப்பிதழைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வரி: ‘கோவிந்தாபுரம், பாலக்காடு ஜில்லா, கேரளா.’

பேனா நின்றுவிட்டது. எல்லையோரத் தமிழ்ப் பள்ளி எங்களுடையது; கேரளாவில் உட்கார்ந்துகொண்டே கேரளாவை விட்டுவிட்டோம்!

வேறு யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சேலை எனக்கு. கதீஜா வாசலைத் தாண்டிவிட்டாள்.

“சார்... கேரளாவுங்க.”

“கேரளாவுக்கு என்ன?”

“நாம விட்டுட்டமுங்க.”

சார் தலையைத் தூக்கி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். “ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிடாதே” என்றார் மெதுவாக. “சரி, மகாராஷ்டிரா வேண்டாம். நீ கேரளாவாயிரு.”

“நான் மலையாளம் பேசினா மாடுகூடத் திரும்பாதுங்க. கதீஜாதான் கடையில ரெண்டு பாஷையும் பேசுவா.”

“அப்ப ஓடிப்போய் அவளைக் கூட்டிட்டு வா!”

ஓடினேன்.

விழாவன்று திரைக்கயிறு என் கையில். கதீஜா வெள்ளைச் சேலையில் வந்து மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை முழங்கினாள். கூட்டத்தில் அவள் அம்மா ஐசும்மா எழுந்தே நின்றுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கயிற்றை விட்டால் திரை விழுந்துவிடும். அதனால் காலைத் தரையில் தட்டினேன்.