மயிலாப்பூரில் விழுந்த இறக்கை

அலறல் கேட்டதும் அந்தத் தெருவே வாசலுக்கு வந்தது.

அலறியவள் தங்கம். மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தவள், டமாலென்று சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தாள்.

அங்கே ஒரு விமானத்தின் இறக்கை தரையில் கிடந்தது.

இறக்கைக்கு அடியில்... இரண்டு கால்கள்!

வெள்ளை வேட்டி. பளபளக்கும் கறுப்பு ஷூ. அசைவே இல்லை.

தங்கம் நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடினாள். மயிலாப்பூரில் விமானம் விழுந்துவிட்டது, ஓர் ஆள் காலி என்றாள்.

இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரம் முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறினார். சைக்கிள் விபத்து பார்த்தவர், பஸ் விபத்து பார்த்தவர்... விமான விபத்துக்கு எந்த செக்ஷன் என்று வழியெல்லாம் ஏட்டைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஏட்டு, மேலிடத்தைக் கேட்கலாம் என்றார்.

கொல்லையில் விமானம் இருந்தது. ஆனால் அது பறந்து வந்ததல்ல.

கல்லூரியில் பௌதிகம் நடத்தும் ராமானுஜம், பல வருஷமாகத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்த குட்டி விமானம் அது. மரச் சட்டம். மேலே இழுத்து ஒட்டிய துணி. முன்னும் பின்னுமாக இரண்டு ஸீட். அன்றுதான் முதன்முதலாக இறக்கையை மாட்டிப் பார்த்தார்கள். சரியாக இருந்தால் கழற்றி, லாரியில் மீனம்பாக்கம் கொண்டுபோய், மறுபடி மாட்டிப் பறக்கவிடுவதாக ஏற்பாடு.

போலீஸ் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று தெரு தடுத்துவைத்திருந்த இறக்கையை ஏட்டும் கூட வந்த கான்ஸ்டபிளும் தூக்கினார்கள்.

கீழே கிடந்தவர் தனபாலன். தி. நகரில் ஜவுளிக்கடை முதலாளி. இறக்கைத் துணி முழுவதும் அவர் உபயம். கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற மாதிரி, இறக்கையின் அடிப்பக்கத்தை அடைத்துத் தன் கடைப் பெயரை எழுதவைத்திருந்தார். சிவப்பில் எழுதினால் ஒரு கட்சி, கறுப்பைச் சேர்த்தால் இன்னொரு கட்சி என்று தெருவில் தகராறு வந்து, கடைசியில் மஞ்சளில் முடிந்தது. தீபாவளிக்கு முன்னால் அந்தப் பெயர் தி. நகருக்கு மேலே ஒரு சுற்று சுற்ற வேண்டும். அது ஒன்றுதான் அவர் கேட்டது.

தனபாலன் கண்ணைத் திறந்தார்.

"எழுத்து ஏதும் அழிஞ்சிடுச்சா?"

பிணம் பேசியதில் பஞ்சாட்சரத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நெற்றியில் ஒரு புடைப்பு. அதிர்ச்சியில் மயக்கம். வேறொன்றும் இல்லை.

என்ன நடந்தது என்று சொன்னவர் வலியுல்லா. கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் செட் போடும் தச்சர். ஓய்ந்த நேரத்தில் ராமானுஜத்துக்குக் கை கொடுப்பவர்.

"நான் அந்தக் கோடில றெக்கைய தாங்கிக்கினு இருந்தேன் சார். ப்ரொபசர் போல்ட்டு போட்டு முறுக்கினாரு. படக்னு ஒரு சத்தம். றெக்க கீய வந்துடுச்சு. மொதலாளி அடியில நின்னுகினு அவர் பேரை அவரே படிச்சிக்கினு இருந்தாரு."

பஞ்சாட்சரம் குனிந்தார். புல்லில் கிடந்த போல்ட்டின் இரண்டு துண்டுகளையும் பொறுக்கினார்.

முறிந்த பரப்பில் ஓர் ஓரம் மட்டும் சொரசொரப்பு. மிச்சமெல்லாம் வழவழவென்று மின்னியது. விளிம்பில் மெழுகு. மெழுகின் மேல் பெயிண்ட்.

"இது தானா ஒடியல," என்றார். "யாரோ ரம்பம் போட்டு அறுத்து, மெழுகு வெச்சு மறைச்சிருக்காங்க."



கரண்ட் போனாலும் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தாலும் அந்நியக் கை என்று சொல்லிவந்த காலம் அது. பஞ்சாட்சரத்துக்கும் முதலில் அதுதான் தோன்றியது. தனபாலனோ, அவ்வளவு தூரம் போக வேண்டாம், எதிர்க்கடை நல்லசிவம் கையே போதும் என்றார். தன் பெயர் ஆகாயத்தில் ஏறுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து நல்லசிவத்துக்குச் சோறு இறங்கவில்லையாம்.

இன்ஸ்பெக்டர் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று கேட்டார்.

"இதை ஓட்டப் போறது யாரு?"

எல்லோரும் ராமானுஜத்தைப் பார்த்தார்கள். சோடா புட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் தரையைப் பார்த்தார்.

"நான்தான்."

குரல் பின்கட்டு வாசலிலிருந்து வந்தது.

ஜானு. ராமானுஜத்தின் மனைவி. தட்டு நிறையக் காபித் தம்ளர்கள்.

கண் பரிசோதனையில் கணவர் தேறவில்லை. கட்டிய விமானம் சும்மா கிடப்பதா என்று ஜானு மீனம்பாக்கம் போய்ப் பறக்கக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். தெருவில் வீணை கிளாஸ் என்று சொல்லிவைத்திருந்தாள். மதிலுக்கு மேல் தலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த தங்கத்துக்கு, ஆள் சாகாததைவிட இதுதான் பெரிய அடி.

ஆனால் பஞ்சாட்சரத்தின் முகம் மாறியது.

அறுத்த போல்ட்டோடு மேலே போயிருந்தால்... விழுந்து செத்திருப்பது இந்தப் பெண்!

போல்ட்டுகளை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பூட்டிய பெட்டியில் என்றார் ராமானுஜம்.

"சாவி?"

ராமானுஜத்தின் கை தானாகச் சட்டைக்குள் போனது. பூணூலில் முடிந்திருந்த சாவி வெளியே வந்தது.

"வேற சாவி உண்டா?"

"இல்லை."

தனபாலன் அவரைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். வலியுல்லா நெஞ்சில் கை வைத்தார். இன்ஸ்பெக்டர் கண் காட்ட, ஏட்டு விலங்கை எடுத்தார். படித்த மனிதர், மனைவியை ஆகாயத்தில் வைத்துத் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்... நாளைக்குப் பேப்பரில் தன் போட்டோ வருமா என்றுகூடப் பஞ்சாட்சரம் ஒரு கணம் நினைத்தார்.

ஜானு தட்டைக் கீழே வைத்தாள். போல்ட்டைக் கேட்டு வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேல போய் ஒடியணும்னா இவ்ளோ ஆழமா அறுக்க மாட்டா, இன்ஸ்பெக்டர். இது தரையில, ஸ்பானர்லயே ஒடியணும்னு அறுத்தது." கணவர் பக்கம் திரும்பினாள். "ஏன்னா... நீங்கதானே?"

ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. வெறுமனே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் ஜுரத்தோட உக்காந்து ஒட்டினேன், ஜானு. இறக்கைக்குள்ள ஒரு சட்டம். பசை பிடிச்சுதா இல்லையான்னு பாக்காம, மேல துணியை ஒட்டி மூடிட்டேன். அதுலேர்ந்து தூக்கமே இல்லை."

"என்கிட்ட சொல்லப்படாதா?"

"சொன்னா, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிடுவே. உன்னை எனக்குத் தெரியாதா? போல்ட் ஒடிஞ்சா போக மாட்டே. அப்படியே எல்லாத்தையும் நிறுத்திடலாம்னு..." இறக்கையைப் பார்த்தார். "நான் கட்டினதுல நீ ஏறி மேல போறதை, கீழ நின்னு பாக்க எனக்குத் தைரியம் இல்லை."

தனபாலன் அடியில் நிற்பார் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் வருத்தம் தெரிவித்தார். தனபாலன் புடைப்பைத் தடவிக்கொண்டார்.

ஜானு உள்ளே போனாள். கத்தரிக்கோலோடு வந்தாள். எந்தச் சட்டம் என்று கேட்டாள். ராமானுஜம் இறக்கையின் அடிப்பக்கத்தைக் காட்டினார்.

சரியாகத் தனபாலனின் 'பா'வில்.

"யம்மா, வேற எழுத்துல வெட்டக் கூடாதா?" என்றார் தனபாலன்.

கத்தரி ஓடியது. பளபளத்த துணி இரண்டாகப் பிளந்தது. ஜானு உள்ளே கைவிட்டு, அந்தச் சட்டத்தை இரண்டு விரலால் லேசாக இழுத்தாள்.

சட்டம்... கையோடு வந்துவிட்டது!

பசை பிடிக்கவே இல்லை.

ஏட்டு விலங்கை மெதுவாகப் பைக்குள் போட்டார். கொலைகாரன் என்று நினைத்த ஆள், ஓர் உயிர் போகாமல் தடுத்திருக்கிறார். ஜானு அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அதைக் கணவர் கையில் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி ஒட்டுங்கோ," என்றாள். "மொதல் தடவை மேல போறச்சே பின் ஸீட்டுல நீங்களும் வரேள்."

ராமானுஜத்துக்கு வேர்த்தது.

அதற்குப் பிறகு அவர் பசை போட்ட அழகே வேறு. ஒவ்வொரு மூட்டையும் தட்டினார், இழுத்தார், தொங்கினார். வலியுல்லா பொறுமையிழந்து, இதுக்கு மேல ஒட்னா கட்டையே பசையாயிடும் சார் என்றார். தீபாவளி வந்து போனது. தனபாலன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் புதுத் துணி கொடுத்தார். இந்தத் தடவை எழுத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். சர்க்கார் சோதனை அதிகாரி வந்தார், பார்த்தார், தலையாட்டினார்.

பொங்கல் கழிந்த ஒரு காலை, மீனம்பாக்கத்தில் இறக்கை மாட்டியாயிற்று. ராமானுஜமே போல்ட்டை முடுக்கினார். ஒடியவில்லை. ஜானு புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு ஏறினாள். அவர் பின்னால் ஏறினார். விமானம் ஓடியது, குதித்தது, எழும்பியது...

கால்மணி நேரம் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது.

ராமானுஜம் கண்ணைத் திறக்கவே இல்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டத்தில் பஞ்சாட்சரமும் இருந்தார். அந்தக் கேஸை அவரால் இன்னும் முடிக்க முடியவில்லை. மேலிடத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜானுவிடம் வந்தார்.

"கொலை முயற்சின்னும் எழுத முடியல. விபத்துன்னும் எழுத முடியல. நாசவேலைன்னா டெல்லியிலேர்ந்து ஆள் வருவான். என்னன்னுதாம்மா எழுதறது?"

பின் ஸீட்டின் விளிம்பைப் பிடித்த கையை விடமுடியாமல் உட்கார்ந்திருந்த கணவரை ஜானு திரும்பிப் பார்த்தாள்.

"கல்யாணம்னு எழுதிக்கோங்கோ. எல்லா செக்ஷனும் அதுக்குள்ள வந்துடும்."