மச்சான் கையில் கயிறு

அடிமைகளை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட போரில் தெற்கு தோற்றது என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இந்தக் கதைக்குள் வருகிறவர்கள் அந்தப் பாடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். இங்கே தெற்கு ஜெயித்துவிட்டது. போர் முடிந்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. ஃப்ளோரிடாக் கரையில் இன்னமும் மனிதர்களை மேடையில் ஏற்றி ஏலம் விடுகிறார்கள்.

அந்தக் கரையிலிருந்து ஒரு நாள் காலை சிறிய பாய்மரப் படகு ஒன்று கிளம்பியது. படகில் மூன்று பேர். சுக்கானைப் பிடித்திருந்தவர் ஹோல்ட் துரை. மூழ்கிப்போன கப்பல்களைக் கிளறி வயிறு வளர்ப்பவர். பாயைக் கட்டிக்கொண்டிருந்தவன் ஆமோஸ் என்ற கறுப்பு இளைஞன். ஹோல்ட் விலை கொடுத்து வாங்கிய ஆள். முன்னால் அணியத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் இஞ்ஞாசி. தூத்துக்குடிக்காரன், முத்துக் குளிப்பவன்.

தூத்துக்குடிக்காரனுக்கு ஃப்ளோரிடாவில் என்ன வேலை? மன்னார்க் கடலில் சிப்பி விளையாமல் போன வருஷங்கள் அவை. ஹோல்ட்டின் ஏஜெண்டு வந்து கூப்பிட்டபோது, ஊரில் சும்மா கிடப்பதைவிட மேல் என்று இஞ்ஞாசியும் அவன் மச்சான் கயித்தானும் கப்பலேறினார்கள். பாதி வழியில் கயித்தானுக்குக் காய்ச்சல் கண்டது. அவனைச் சாக்கில் தைத்துக் கடலில் இறக்கினார்கள். இறக்கிய இடம் எதுவென்று இஞ்ஞாசிக்குத் தெரியாது. அவனுக்கு மிஞ்சியது கயித்தான் கழுத்தில் மாலையாகக் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியம் மட்டும்தான். அதை மடியில் முடிந்து வைத்திருந்தான். கப்பலில் மிச்ச நாளெல்லாம் அவனோடு தமிழ் பேச ஓர் உயிர் இல்லை.

நண்பகலுக்கு முன்பே படகு பவளப்பாறைத் திட்டை அடைந்தது. ஆமோஸ் நங்கூரம் போட்டான்.

"இங்கதான் கிடக்கு" என்றார் ஹோல்ட். "போர்க்காலத்துல வடக்கத்திக் கப்பற்படைக்குச் சம்பளம் கொண்டுபோன கப்பல். பெட்டி நிறையத் தங்கம். பாறைச் சந்துக்குள்ள மாட்டியிருக்கு. இறங்கு."

இரும்புத் தொப்பி போட்டு முங்குகிற வெள்ளைக்காரர்கள் அந்த ஊரிலும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டால் அரசாங்கத்தின் காதுக்குப் போய்விடும். அதனால்தான் துரைக்கு ஏழு கடலுக்கு அப்பாலிருந்து ஆள் தேவைப்பட்டது.

இஞ்ஞாசி அசையவில்லை.

"கயிறு யாரு புடிக்கது?" என்று கேட்டான். துறைமுகங்களில் பொறுக்கிய இங்கிலீஷ்தான், ஆனால் கேள்வி தெளிவாக இருந்தது.

"அதோ அவன்."

"முடியாது தொர."

ஹோல்ட்டுக்கு முகம் சிவந்தது. பயந்துவிட்டானா, கூலியை ஏற்றப் பார்க்கிறானா என்று அவருக்குப் புரியவில்லை. இஞ்ஞாசி பொறுமையாகச் சொன்னான். குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுநுனி படகில் நிற்பவன் கையில். கீழே மூச்சு முட்டும்போது கயிறு அசையும்; மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் பிணம்தான் வரும்.

"அதனால கயிற அந்நியன் கைல குடுக்க மாட்டோம். பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கைலதான் குடுப்போம். நான் செத்தா தாலியறுக்கது அவன் தங்கச்சியில்லா? அவன் அசர மாட்டான்."

ஹோல்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ இவனையே மச்சானா வெச்சுக்கோ. எனக்கென்ன போச்சு?" என்று சொல்லிவிட்டுப் பாயின் நிழலில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்தார்.

துரை கிண்டலாகச் சொன்னதை இஞ்ஞாசி கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆமோஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஒனக்குக் கூடப் பொறந்தவுங்க இருக்காங்களா?"

ஆமோஸிடம் இப்படிப்பட்ட கேள்வியை யாரும் கேட்டதில்லை. "ஒரு தங்கச்சி இருந்தா. அம்மாவையும் அவளையும் ஒரே நாள்ல வித்தாங்க. தங்கச்சி முகம் ஞாபகமில்ல. அப்புறம் ஹன்னான்னு ஒருத்தியக் கட்டிக்கிட்டேன். அவளையும் கரும்புத் தோட்டத்துக்கு வித்துட்டாங்க."

"எங்க ஊருல எனக்கொரு பொண்டாட்டி இருக்கா. பேரு சிசிலியா. சண்டைக்காரி. ஆனா அவ கருவாட்டுக் கொழம்பு வெச்சா தெருவே வாசல்ல வந்து நிக்கும். அவ அண்ணன் கயித்தான் கடல்ல போயிட்டான். அவளுக்கு இப்ப அண்ணன் கெடையாது." இஞ்ஞாசி மடியை அவிழ்த்து உத்தரியத்தை எடுத்தான். "இனும நீதான் அவளுக்கு அண்ணன். எனக்கு மச்சான். சம்மதமா?"

ஆமோஸ் திரும்பித் துரையைப் பார்த்தான். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலை குனிந்து கழுத்தைக் காட்டினான். இஞ்ஞாசி அவன் கழுத்தில் உத்தரியத்தைப் போட்டான். அதன் பிறகு தொழிலைச் சொல்லிக் கொடுத்தான். கையில் வேறு வேலை இருந்தால் குளிக்கிறவன் கயிற்றைக் கால் கட்டைவிரல் இடுக்கில் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்ன அசைவும் விரலுக்குத் தெரியும். எந்தக் கயிற்றையும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

சிலுவை போட்டுக்கொண்டு, ஆளை அடிக்கு இழுத்துப்போகும் குளிக்கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி இஞ்ஞாசி இறங்கினான்!

தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. பவளம் இருபுறமும் கத்தியாகக் கிழிக்கும் ஒரு குறுகிய சந்து. அதற்குள் கப்பலின் விலாவெலும்புகள். மன்னார்க் கடலில் இறங்கினால் பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் இறங்குவார்கள், மேலே படகுகளின் வயிறுகள் வரிசையாகத் தெரியும். இங்கே அண்ணாந்து பார்த்தால் ஒரே ஒரு படகின் நிழல். அதிலிருந்து ஒரே ஒரு கயிறு. இவ்வளவு பெரிய கடலில் தன்னை விசாரிக்க அந்தக் கயிற்றைத் தவிர ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தோன்றியது. நெஞ்சு அடைத்தது. கயிற்றை அசைத்தான்.

அடுத்த கணம் கயிறு விறைத்தது. ஆமோஸ் இழுத்த வேகத்தில் விலா நொந்தது.

"மெதுவா இழும் வே" என்றான் இஞ்ஞாசி மேலே வந்ததும், இருமிக்கொண்டே. ஆமோஸ் கயிற்றை இன்னும் கையிலிருந்து விடவில்லை.

அன்று முழுக்கத் தேடினார்கள். குளிப்புக்கும் குளிப்புக்கும் நடுவே இளைப்பாறும்போது ஆமோஸ் தன் தனிமைக்குக் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு விளையாட்டைச் சொன்னான்.

"இந்தக் கப்பல் முழுகாம இருந்திருந்தா? சம்பளம் போய்ச் சேர்ந்திருக்கும். வடக்குக் கப்பல்காரங்க கலகம் பண்ணியிருக்க மாட்டாங்க. தெற்கு தோத்திருக்கும். தினமும் மனசுக்குள்ள அதுலேர்ந்து ஆரம்பிப்பேன். எனக்கு ஒரு வீடு இருக்கும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். ஹன்னா உள்ள இருந்து தாழ்ப்பாள் போடுவா. யாராவது தட்டினா, திறக்கறதா வேண்டாமான்னு அவளே முடிவு பண்ணுவா."

"அம்புட்டுதானா?"

"அவ்வளவுதான். அதுக்கு மேல போனா ஏக்கம் தாங்காது."

வெறும் தாழ்ப்பாள். அதற்காக ஒரு தேசமே போரிட்டு, இந்தக் கதையில் தோற்றும் போயிருந்தது.

மறுநாள் பெட்டி அகப்பட்டது. இரும்புப் பட்டை போட்டது, கப்பலின் அடிக்கட்டைக்குக் கீழே சிக்கியிருந்தது. இஞ்ஞாசி மேலே வந்து துரையிடம் நேராகவே கேட்டான். குளிக்கிறவன் எடுப்பதில் கயிறு பிடித்தவனுக்கும் பங்குண்டு. அதுதான் அவர்கள் ஊர் வழக்கம். தன் மச்சானின் பங்கு என்ன?

துரைக்கு இது இன்னும் பெரிய வேடிக்கையாக இருந்தது. "என் பொருளுக்குப் பங்கா? நாளைக்கு இந்தப் படகும் பங்கு கேக்குமா?" என்றார். சிரித்தாலும் அவர் கண் வேறெதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. பங்கைப் பற்றிப் பேசுகிறவன் ஊருக்குள் போயும் பேசுவான்.

இஞ்ஞாசி கடைசியாக இறங்கினான். பெட்டியில் தடித்த வடத்தைக் கட்டி, கீழிருந்து தோளால் நெம்பிக் கொடுக்க வேண்டும். மேலே இருவரும் இழுக்க வேண்டும். ஆமோஸ் இஞ்ஞாசியின் கயிற்றைக் கால்விரல் இடுக்கில் மாட்டிக்கொண்டு வடத்தைப் பிடித்தான். ஹோல்ட் ஆசை மிகுதியில் வடத்தின் நுனியை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார்.

"சுத்தக் கூடாது" என்றான் ஆமோஸ்.

"எனக்குப் பாடம் நடத்தாதே. இழு."

இழுத்தார்கள். கீழே ஏதோ முறிந்தது. பெட்டி விடுபட்டு அந்தரத்தில் ஏறத் தொடங்கியது. அதே நேரம் ஆமோஸின் கால்விரலில் கயிறு அசைந்தது.

"விடு அதை" என்றார் ஹோல்ட், மூச்சு வாங்கியபடி. "அவன் கயித்தைத் தண்ணில தள்ளிவிடு. சாயங்காலம் கரைக்குப் போனதும் உனக்கு விடுதலை. ஆண்டவன் மேல சத்தியம். நீ சுதந்திர மனுஷன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று ஆமோஸுக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் அவசரம் இருந்ததே தவிரக் கள்ளம் இல்லை. விடுதலை. தாழ்ப்பாள். நடந்தே போய் ஹன்னாவைத் தேடலாம். கால்விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

கயிறு மறுபடியும் அசைந்தது. இந்த முறை பலம் குறைவாக.

ஆமோஸ் கையை விட்டான். வடத்தைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும்.

பெட்டி கல்லாக இறங்கியது. வடம் சீறிக்கொண்டு ஓடியது. மணிக்கட்டில் சுற்றிய வடத்தை அவிழ்க்க ஹோல்ட்டுக்கு நேரமில்லை. ஒரு சத்தத்தோடு படகின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்குள் போனார்!

கீழே இஞ்ஞாசியின் கண் இருண்டுகொண்டிருந்தது. தலைக்கு மேலிருந்து பெட்டியும் அதன் பின்னால் துரையும் இறங்கி வருவதைக் கண்டான். என்ன நடந்தது என்று யோசிக்க மூச்சு இல்லை. இடுப்புக் கத்தியை உருவி வடத்தை அறுத்தான். பெட்டி சந்தின் அடியில் எங்கோ ஆழத்தில் போய் மறைந்தது. துரை அவன் காலைக் கட்டிக்கொண்டார். ஆமோஸ் இழுத்தான். இரண்டு ஆள் கனம் வருவது அவனுக்குத் தெரிந்தது. அந்த இரண்டாவது ஆள் யாரென்றும் தெரிந்தது. கயிற்றை உதறி அவரை நழுவ விடலாமா என்று ஆமோஸ் ஒரு நொடி நினைத்தான். இழுத்துக்கொண்டேதான் நினைத்தான்.

மேலே வந்ததும் துரையின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை ஆமோஸ் உருவிக் கடலில் எறிந்தான். ஆமை பிடிப்பவர்கள் தினமும் வந்துபோகும் மணல்திட்டில் அவரை இறக்கி, ஒரு பீப்பாய் குடிதண்ணீரும் வைத்துவிட்டுப் படகைத் திருப்பினார்கள். உயிரைக் காப்பாற்றியவர்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பெட்டி எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

கிழக்கே பகாமாத் தீவுகள். அங்கே ஆங்கிலேயர் கொடி பறந்தது, அடிமை கிடையாது. நடுவே வடக்கே அடித்துக்கொண்டு போகும் பெரிய நீரோட்டம். ஆமோஸுக்கு அந்தக் கடல் தெரியும், இஞ்ஞாசிக்குப் பாய் தெரியும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து போனார்கள்.

"தொர என்ன சொன்னாரு ஒம்மகிட்ட?" என்று வழியில் இஞ்ஞாசி கேட்டான்.

"உன் கயித்தை விட்டா எனக்கு விடுதலைன்னார்."

இஞ்ஞாசி பாயின் கயிற்றை இறுக்கிக் கட்டினான். "ஏன் விடல?"

"விட்டுட்டுப் போயி, சிசிலியாகிட்ட என்ன சொல்றது?"

பகாமாத் துறையில் இறங்கியதும் காவலன் ஒருவன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, "இவன் யாரோட ஆள்?" என்று இஞ்ஞாசியிடம் கேட்டான்.

"எம் மச்சான்" என்றான் இஞ்ஞாசி.

தன் ஊருக்குத் தன்னோடு வரும்படி எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தான். ஆமோஸ் வரவில்லை. ஃப்ளோரிடாவிலிருந்து தப்பி வருகிற படகுகள் அந்தத் துறையில்தான் ஒதுங்கும். ஒரு நாள் ஏதாவது ஒரு படகில் ஹன்னா வரலாம். அதுவரை அவன் அங்கேயே நிற்க வேண்டும். துறைக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக்குடிசை பிடித்தான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் மாட்டினான். பிறகு தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்காமல் கதவைத் திறந்தே வைத்தான். இஞ்ஞாசி ஏறிய கப்பல் நகர்ந்தபோது அவன் துறையின் நுனியில் நின்றான். கரையில் அவனைச் சுற்றி அத்தனை ஜனம் இருந்தது. அதில் அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

இப்படிப்பட்ட கதைகளில் நாயகன் தங்கத்தோடு திரும்புவதுதான் வழக்கம். இஞ்ஞாசி கப்பலில் கரி அள்ளிப் போட்டுக் கூலிக்குப் பதிலாகப் பயணம் பெற்று, வெறுங்கையோடு தூத்துக்குடியில் இறங்கினான். போரின் முடிவை மாற்றியிருக்கக்கூடிய பெட்டி கடலடியிலேயே கிடந்தது. ஒருவனுடைய முடிவு மட்டும் மாறியிருந்தது. அதைப் பெரிய வெற்றி என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அண்ணன் இறந்த செய்தி கேட்டு சிசிலியா தரையில் விழுந்து அழுதாள். கோவிலில் பூசை வைத்தார்கள். கொஞ்ச நாள் போனது. ஒரு மத்தியானம் அடுப்படியிலிருந்து வெளியே வந்து கேட்டாள்.

"அண்ணன் போன பொறவு ஒங்களுக்குக் கயிறு யாரு புடிச்சா?"

இஞ்ஞாசி எல்லாவற்றையும் சொன்னான். உத்தரியத்தை, கால்விரலை, துரை கொடுத்த வாக்கை, துறையின் நுனியில் நின்றவனை. அவள் கையில் அகப்பையோடு நின்றபடியே கேட்டு முடித்தாள்.

"அங்கன சோறு யாரு பொங்கிப் போடுதா அவுகளுக்கு?"

"அவனே பொங்குதான்."

"தனியாவா இருக்காக?"

"தனியாத்தான்."

சிசிலியா உள்ளே போனாள். பரணில் பானை உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் பனையோலைப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் கருவாட்டை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"எங்கண்ணன் ஊருக்குக் கப்பல் என்னைக்குப் போவுது?"