அல்லிச்சேரிக்கு வழி

ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது எட்வர்ட் ஆட்டோவைத் தார்ச்சாலையிலிருந்து இறக்கி, ஏரிக்கரையை ஒட்டிய மண்பாதையில் விட்டான். பின்சீட்டில் அவன் மனைவி சுகிர்தா கைப்பேசியின் கேமராவை முந்தானையால் துடைத்தாள். உச்சிவெயில். ஒரு பக்கம் கம்பெனிகளின் நீண்ட மதில், மறுபக்கம் வேலிகாத்தான் புதர். மதில் முடிந்த இடத்தில் பாதையும் முடிந்தது.

"இதுக்கு மேல வண்டி போவாது," என்றான். "அங்க இன்னா இருக்குதுன்னு போட்டோ புடிக்கப் போற?"

"ஊரு இருந்த எடம்."

"அங்க ஒண்ணுமில்ல சுகி."

எட்வர்டின் ஊரான நாவல்பேட்டில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். புதருக்கு அப்பால் இருந்த மேட்டுக்குப் பெயர் கிடையாது. ஆடு அந்தப் பக்கம் ஓடினால்கூட, "ஒண்ணுமில்லாத எடத்துக்குப் போயிடுச்சு" என்பார்கள். சுகிர்தா மணவாள நகரில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. பெயர் ஒட்டாத டப்பா அவள் கையைத் தாண்டிப் போகாது.

இணையக் கலைக்களஞ்சியத்தில் நாவல்பேட்டுக்கு இரண்டே வரி இருந்தது. ஒன்றில் மாவட்டம், இன்னொன்றில் அஞ்சல் எண். தான் வாழவந்த ஊருக்கு இவ்வளவுதானா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏரி, மாதா கோயில், பள்ளிக்கூடம், கழனிவேலையை விட்டு சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போன குடும்பங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். கோயம்புத்தூரிலிருந்து மணிகண்டன் என்ற மூத்த பங்களிப்பாளர் பிழை திருத்திக் கொடுத்தார். நன்றி சொல்வார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். வாய்ச்சொல் சான்றாகாது. அச்சிட்ட சான்று வேண்டும்.

போன வாரம் பழைய நில அளவைப் படம் ஒன்று இணையத்தில் அகப்பட்டது. நாவல்பேட்டுக்குக் கிழக்கே சிறு கட்டங்களாக வீடுகள். பக்கத்தில் பெயர்.

அல்லிச்சேரி.

ஆட்டோவிலிருந்து இறங்கிப் புதரை விலக்கி நடந்தாள். உள்ளே வெட்டவெளி. மண்ணில் புதைந்த சுவர்களின் அடித்தடம் மட்டும் வரிசையாகத் தெரிந்தது. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. ஆனால் அங்கே ஈரமண் வாசனை அடித்தது. அதற்கடியில் வேறொரு வாசனை, புளித்த கஞ்சியைப் போல.

காற்று இல்லை. பறவை இல்லை.

ஒரு சத்தம் மட்டும் இருந்தது. வறண்ட தொண்டையில் எச்சில் விழுங்கும் சத்தம். தன்னுடையதுதான் என்று நினைத்தாள். எச்சில் விழுங்காமல் மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

அது நிற்கவில்லை.

படம் எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பினாள். அன்று மாலையே பெயர், படம், இடக்குறி மூன்றையும் கட்டுரையில் ஏற்றினாள். "அருமையான பணி" என்று மணிகண்டன் எழுதினார்.

கொஞ்ச நாளில் கைப்பேசி வரைபடங்களில் அல்லிச்சேரி தெரிந்தது. பெயர் கொடுத்தால் வழி காட்டியது.

எட்வர்டுக்குச் சவாரி பெரும்பாலும் கைப்பேசியில்தான் வரும். ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். "உன் ஊர்லேருந்து சவாரி வந்துக்கீது பாரு. அல்லிச்சேரி டு ஆரணி. ஊரைக் கண்டுபுடிச்சவ நீ, துட்டு எனக்கு."

"போவாதீங்க," என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எவனாவது மதிலாண்ட நின்னுக்கினு போட்டிருப்பான்."

பொழுது சாயும்போது வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் குடத்தைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டான். அது தீர்ந்ததும் அடுத்த குடம்.

"யாரு ஏறினாங்க?"

"ஒரு அம்மா. இடுப்புல கொழந்த. பேசவே இல்ல." வாயைத் துடைத்தான். "ஆரணி பாலத்தாண்ட திரும்பிப் பாத்தேன். சீட்டு ஈரமா இருந்துச்சு."

"எறங்கிட்டாங்களா?"

"நான் வண்டிய நிறுத்தவே இல்ல சுகி."

மறுநாள் பக்கத்து வீட்டு ஞானம்மா வந்தாள். எப்போதும் கேலியாகப் பேசுகிறவள். வாசற்படியை மிதிக்காமல் வெளியிலேயே நின்றாள்.

"இன்னா எழுதின நீ?"

"ஊரைப் பத்தி."

"மத்தியானமானா கதவத் தட்டி தண்ணி கேக்குதுங்க. தொறந்தா ஆளில்ல. என் ஊட்டுல, மோனிகா ஊட்டுல, கடைசித் தெருவுல. இன்னா எழுதின?"

சுகிர்தா பெயரைச் சொன்னாள். ஞானம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க பாட்டி காலத்துல அங்க வாந்திபேதி வந்துச்சு. அப்போ தண்ணி குடுத்தா சீக்கு முத்தும்பாங்க. அதுங்க தண்ணி கேட்டுக்கினு இந்தத் தெரு வழியாத்தான் வந்துச்சுங்க. நம்ம ஊரே கதவ சாத்திக்கினு உள்ள இருந்துச்சு. எல்லாம் தெருவுலயே செத்துச்சு. அப்பாலதான் அந்தப் பேர வாயில எடுக்கக்கூடாதுன்னு வச்சாங்க. பேரு இல்லன்னா வழி இல்ல. போறதுக்கும் இல்ல, வர்றதுக்கும் இல்ல."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே அக்கா."

"சொல்லாம இருக்கறதுதாண்டி அந்த வழக்கமே. படிச்சவ, உனக்கு எழுதிக் காமிக்கணுமா?"

அன்றே அந்தப் பத்தியை அழித்தாள். சற்று நேரத்தில் அது திரும்ப வந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் மணிகண்டன் பொறுமையாகக் கேட்டிருந்தார்: சான்றுள்ள தகவலை ஏன் நீக்குகிறீர்கள்?

ஊர் மக்கள் அஞ்சுகிறார்கள் என்று எழுதினாள்.

"அச்சம் நீக்குவதற்கான காரணம் ஆகாது."

அப்படி ஓர் ஊர் இல்லை என்று எழுதினாள்.

"இருந்ததற்குச் சான்று தந்ததே நீங்கள்தான். இல்லை என்பதற்கும் ஒரு சான்று தாருங்கள்."

ஞானம்மா சொன்னதை எழுதலாமா என்று யோசித்தாள். அது வாய்ச்சொல். பத்தியைத் திரும்பத் திரும்ப அழித்ததற்காக, தொகுக்கும் உரிமை அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. வருத்தத்தோடு செய்வதாக மணிகண்டன் குறிப்பு எழுதியிருந்தார். அவர் நல்ல மனிதர். அவள் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

அதற்குள் கட்டுரை வேறு தளங்களுக்கும் போயிருந்தது. மனை விற்கும் ஒரு விளம்பரத்தில்கூட அந்தப் பெயர் இருந்தது. பெயரை எடுத்துவிடச் சொல்லி எங்கெங்கோ இருப்பவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை.

எட்வர்ட் ஆட்டோ எடுப்பதை நிறுத்தினான். கைப்பேசியை அணைத்து வைத்தான். தாகம் நிற்கவில்லை. குடம் குடமாகக் குடித்தான். உதடு வெடித்தது. கன்னம் ஒட்டியது. விரல்நுனிகள் மட்டும் நாளெல்லாம் நீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"சர்க்கரையா இருக்கும்," என்றான்.

சர்க்கரை இல்லை. பரிசோதனை முடிவில் எதுவுமே இல்லை.

மத்தியானங்களில் கதவு தட்டப்பட்டது. முதல் முறை சுகிர்தா ஒரு செம்புத் தண்ணீரை வாசலில் வைத்தாள். திறந்தபோது செம்பு காலி. மறுநாள் குடம் வைத்தாள். பிறகு டிரம்மையே உருட்டி வெளியே விட்டாள். அன்றைக்குக் கொடுக்காததை இன்றைக்குக் கொடுத்தால் போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

போகவில்லை. தண்ணீர் கேட்பவர்களின் எண்ணிக்கைதான் கூடியது.

கதவுக்கு வெளியே விழுங்கும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

ஒரு மத்தியானம் எட்வர்ட் பாயிலிருந்து எழுந்து, "கூப்புடறாங்க" என்று தள்ளாடித் தள்ளாடிக் கதவருகே போனான்.

"யாரு கூப்புடறாங்க?" என்று அவள் அவன் கையைப் பிடித்தாள். எலும்பு மட்டும் தட்டுப்பட்டது.

"நம்மாளுங்கதான்."

"நம்மாளுங்க யாரும் அங்க இல்லைங்க."

அவன் அவளைப் பார்த்தான். யாரென்று யோசிக்கிறவனைப் போலப் பார்த்தான். பிறகு அவள் தோளில் சரிந்தான்.

தெருவில் வண்டி ஒன்றைப் பிடித்து அவனைத் திருவள்ளூருக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்க அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எட்வர்ட். எட்வர்ட். பெயர் சொன்னால் திரும்புவான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரி சின்னது. பகல் வெளிச்சம் நடைவழி முழுக்க விழுந்திருந்தது. சுவரோரம் இரும்பு பெஞ்சுகள். அவனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பதிவு மேசையில் இருந்த நர்ஸ் கணினியிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள்.

"பேரு?"

"எட்வர்ட்," என்றாள் சுகிர்தா.

"ஊரு?"

"நாவல்பேடு."

எட்வர்ட் கண்ணைத் திறந்தான். உதடு அசைந்தது. பல நாளாக இல்லாத தெளிவோடு குரல் வந்தது.

"அல்லிச்சேரி."

"இல்ல சிஸ்டர். நாவல்பேடுன்னு போடுங்க. தயவுசெஞ்சு நாவல்பேடுன்னு போடுங்க."

"பேஷண்டே சொல்றாரே." நர்ஸ் தட்டச்சினாள். "காலையிலேருந்து உங்க ஊருக்காரங்கதான் வந்துக்கினே இருக்காங்க. எல்லாத்துக்கும் தண்ணி தாகம்னுதான் கம்ப்ளெயிண்ட்."

"யாரு வந்தாங்க?"

நர்ஸ் நடைவழிப் பக்கம் தாடையை அசைத்துக் காட்டினாள்.

சுகிர்தா திரும்பினாள். பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு பெஞ்சின் அடியிலும் தரை ஈரமாக இருந்தது.

புளித்த வாசனை வந்தது.

அவள் எட்வர்டின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்து, தெரிந்தவர்களிடம் தலையசைப்பதுபோல மெதுவாகத் தலையசைத்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றாள் நர்ஸ். "பின்னாடி எல்லாரும் வரிசையில நிக்கறாங்க இல்ல."