சொல்லிட்டுப் போங்க

கதவு சாத்தியதும் டீச்சர் பளாரென்று கை தட்டினாள், வகுப்பில் பிள்ளைகளை அடக்குவதுபோல. அந்தச் சத்தம் அவள் கையை விட்டு நகரவே இல்லை. தரை முழுக்க வழவழ ஓடு, சன்னல் கிடையாது, திரைச்சீலை கிடையாது. இப்படிப்பட்ட அறையில் ஒரு கைதட்டல் நாலு தடவையாவது சுவரில் மோதித் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. காது கவனித்தாள்.

காது என்பது பட்டப்பெயர். ஆஸ்பத்திரியில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் உத்தியோகம். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வாள். பதினோரு வருடமாக இதே வேலை. சத்தமே போடாதபோதும் விரலைத் தூக்குகிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தோழியைச் சிரிக்க வைப்பாள். தோழி கணக்கு டீச்சர். அதனால் இவளுக்கு அவள் டீச்சர், அவளுக்கு இவள் காது. ஹாஸ்டலில் ஒரே அறையில் கிடந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து கிளம்பிய முதல் விடுமுறை இது.

மழையில் படகுச் சவாரி நின்றுபோனது. அந்தக் கடுப்பில்தான் டீச்சர் இந்த எஸ்கேப் ரூமைப் பிடித்தாள். பூட்டிய அறைக்குள் இருக்கும் புதிர்களை அவிழ்த்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். ஊரிலேயே கஷ்டமான அறை என்று வெளியே எழுதியிருந்தது.

"எனக்கு மூடின ரூம்னா ஆகாதுன்னு தெரியும்ல?"

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தாண்டி ஆகணும். வா."

வரவேற்பு மேசையில் நீல ஸ்வெட்டர் போட்ட பெண் ஒருத்தி. செல்போன் வைத்துக்கொள்ளலாம் என்றாள், அவசரம் என்றால் சிவப்பு பட்டனை அழுத்தலாம் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"ஜெயிச்சாலும் தோத்தாலும், கெளம்பும்போது 'போறேன்'னு சொல்லிட்டுப் போங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனியா, வாய்விட்டு. வேற எப்படியும் சொல்லிடாதீங்க."

"சொல்லலைன்னா அடிப்பீங்களா?" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "உள்ள இருக்க வீட்டம்மாவுக்குக் கேக்கணும்" என்றாள்.

"என்னமா நடிக்கிறா பாரு" என்று டீச்சர் இவள் காதைக் கடித்தாள். 'போறேன்' என்ற சொல் இவள் வாயில் வந்து முப்பது வருடம் ஆகிறது. அப்பா ஒருநாள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, "நான் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினவர். சாயங்காலம் ஆட்கள் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கடைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்"தான். மறந்து சொல்லிவிட்டால் அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள்.

அன்று காலையில்கூட ஆறு வயது மகள் போனில் கேட்டாள். "எப்பம்மா வருவ?"

"நாளன்னிக்கு வரேன் கண்ணு."

"வரேன்னு சொன்னா வந்துடணும், சரியா?"

அறை ஒரு வீட்டின் கூடம் மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா. சாப்பாட்டு மேசையில் ஆறு தட்டு, ஐந்து நிமிர்ந்தும் ஒன்று மட்டும் கவிழ்ந்தும். வாசலை ஒட்டிச் செருப்பு அலமாரி. அதில் பெரியவர் செருப்பு, பெண்கள் செருப்பு, பிள்ளைகளின் ஷூ எல்லாம் தூசி படிந்து கிடந்தன. எல்லாவற்றின் முனையும் உள்பக்கம் பார்த்திருந்தது. ஈரத்துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டு, காய்வதற்குள் இஸ்திரி போட்டால் வருமே, அந்தச் சூட்டு வாசனை அடித்தது. எதிர்ச்சுவரில் உள்ளறைக் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. அதற்குள் இருட்டு.

டீச்சருக்குக் கையும் காலும் பரபரத்தன. பிள்ளைகள் வளர வளரச் சுவரில் கீறிய உயரக் கோடுகளைக் கூட்டினாள். அலமாரிப் பூட்டு திறந்தது. உள்ளே ஒரு கோடுபோட்ட நோட்டு.

"படி, படி" என்றாள்.

காது படித்தாள். ஒரே கையெழுத்து. *நீலச் சட்டை தம்பி. வரேன்னு சொன்னான்.* பக்கத்தில் ஒரு டிக். *ரெட்டைச் சடை போட்ட பொண்ணு. வரேன்னு சொன்னா.* டிக். *கண்ணாடி போட்ட சார். வரேன்னு சொன்னாரு.* டிக். பக்கம் பக்கமாக இதேதான். முதல் பக்கத்து மை மங்கிப்போயிருந்தது. கடைசி வரியை விரல் தொட்டபோது லேசாக ஈரம் ஒட்டியது.

"மொத்தம் எத்தனை வரி?"

"முப்பத்தெட்டு. டீச்சர், இத வச்சிடலாம்டி."

"அதான் நம்பரே! மூணு, எட்டு!" டீச்சர் வெளிக்கதவுப் பூட்டிடம் ஓடினாள்.

அப்போதுதான் காதுக்கு அது கேட்டது. உள்ளறைக் கதவுக்குப் பின்னால், சோதனைக் கருவியில் கடைசிப் புள்ளிக்குக் குறைத்து வைத்தால் வரும் அளவுக்குச் சின்னதாக, ஒரு மூச்சு. உள்ளே இழுத்தது. அப்படியே நின்றது. வெளியே விடவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்து நிற்கிறார்கள். காது குனிந்து பார்த்தாள். அவள் வலது கை ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்து நின்றது. அதை இடது கையால் பிடித்து மடக்கினாள்.

பூட்டு கிளிக் என்றது. வெளி வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"போறேம்மா!" டீச்சர் கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்வதுபோலக் கத்திவிட்டு ஒரே எட்டில் வெளியே குதித்தாள். "நாப்பத்தொரு நிமிஷம்! நீயும் சொல்லித் தொலடி, டீ குடிக்கணும்."

காது வாயைத் திறந்தாள். போ. அவ்வளவுதான் வந்தது. சன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கிற மகள் கண்முன் வந்தாள். இந்தப் பாழாய்ப்போன விளையாட்டுக்காக அந்த வார்த்தையைச் சொல்லி, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்து உதட்டுக்குள் முணுமுணுத்தாள்.

"போயிட்டு வரேன்."

அதுவரை ஒரு சத்தத்தையும் திருப்பித் தராத அறை, இதை மட்டும் திருப்பித் தந்தது.

*வரேன்.*

பிடித்துவைத்த மூச்சு உள்ளறையில் மெல்ல வெளியேறியது. மேசையில் தட்டு நகர்ந்தது. ஒரு கிழவியின் குரலும் இல்லை, குமரியின் குரலும் இல்லை. வெகு பிரியமான ஒரு குரல்.

"சரி. வாம்மா."

காது எப்படி வெளியே வந்தாள், எப்படிச் செருப்பை மாட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. நீல ஸ்வெட்டர் பெண் எழுந்து நின்றிருந்தாள். "ரெண்டு பேரும் சொன்னீங்களா?"

"சொன்னோம், சொன்னோம்" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண் இவளையே பார்த்தாள். "நீங்க?"

காது தலையாட்டினாள். சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது வழி சொல்லியிருப்பாளோ என்னவோ. டீச்சர் ஆயுசுக்கும் கேலி செய்வாளே என்று வெட்கம் தடுத்துவிட்டது. மனுஷருக்கு எங்கெல்லாம் வெட்கம் வருகிறது பாருங்கள்.

லாட்ஜ் இரண்டு தெரு தள்ளித்தான். நனைந்துகொண்டே வந்தார்கள். "நீ மேல போய்த் துணி மாத்து, நான் டீ வாங்கிட்டு வரேன்" என்று டீச்சர் கீழேயே நின்றுகொண்டாள். காது மாடி ஏறினாள். அறை வாசலில் ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டாள். சாவியைத் திருப்பும்போது கைப்பையில் போன் அடித்தது. வீட்டு எண்ணைப் பார்த்ததும் உயிர் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே போய்க் காலால் கதவைத் தள்ளினாள்.

"அம்மா! எப்பம்மா வருவ?"

"வந்துடுறேன் கண்ணு, அம்மா நாளைக்கே..."

குரல் வாய்க்கு வெளியே போகவில்லை.

ஈரத்துணி வாசனை. இஸ்திரிச் சூடு.

காலுக்கடியில் வழவழ ஓடு. சோபா. மேசை. ஆறு தட்டு. ஆறும் நிமிர்ந்திருந்தன. ஆறாவதில் ஆவி பறந்தது.

திரும்பினாள். கதவு இருந்த இடத்தில் சுவர். ஒட்டினாற்போல் செருப்பு அலமாரி. நடுத்தட்டில் அவள் செருப்பு, தண்ணீர் சொட்டச் சொட்ட. முனை உள்பக்கம்.

"அம்மா? பேசும்மா. ஒண்ணுமே கேக்கல."

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அறை அதைக் குடித்தது.

உள்ளறைக் கதவு முழுசாகத் திறந்திருந்தது.

"கேக்குதா கண்ணு?" உள்ளேயிருந்து வந்தது. அவளுடைய குரல். அச்சு அசல் அவளுடைய குரல். "அம்மாதான் பேசுறேன்."

"ஹை! இப்பக் கேக்குதும்மா!"

"அம்மா ஒரு வீட்டுல இருக்கேன். நீயும் வரியா?"

"எனக்கு வழி தெரியாதே."

"வழி வேண்டாண்டா. வரேன்னு சொல்லு, போதும்."

போனைச் சுவரில் அடித்தாள். தரையில் அடித்தாள். துண்டு துண்டாகச் சிதறியது. ஆனாலும் மகள் சிரிப்பது கேட்டது. சொல்லலாமா என்று யோசிக்கும்போது அவள் இழுக்கிற அந்தக் குட்டி மூச்சும் கேட்டது.

அப்புறம் மேசைமேல் ஏழாவதாக ஒரு தட்டைக் கவிழ்த்து வைக்கிற சத்தம். சின்னத் தட்டு.

காதின் விரல் தானாக மேலே எழுந்தது.