பிரிக்காத மடிப்பு

கையுறை தைக்கும் ஜோசயாஸ் கிரேன் தர்க்கெலின் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, இடித்தார். நாரிச் நகரில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கிய மருத்துவச்சி டோர்கஸ் அவர் மனைவி. இப்போது அவள் சிறையில் இருந்தாள்.

"ஆர்ப்வுட் வீட்டம்மா எட்டாம் மாசமே வலி கண்டு, குழந்தையோட செத்துப் போயிட்டாங்க ஐயா. கோப்பையில கஷாயக் கசண்டு இருந்துச்சாம், என் பொண்டாட்டி கூடையில அந்தக் கஷாயம் போட்ட புத்தகம் இருந்துச்சாம். அவதான் கொன்னாளாம். தூக்குல போட்ருவாங்க!"

மரண விசாரணை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற தர்க்கெல் அந்தப் புத்தகத்தை அதிகாரிகளிடம் கேட்டு வாங்கினார். படுக்கையறை சங்கதியும் பிள்ளைப்பேறும் சொல்லும் மலிவுப் பதிப்பு. ஊரே திட்டும், ஊரே வாங்கும். தாள்கள் மடித்தபடியே வரும். வாங்கியவர்தான் ஓரத்தைக் கத்தியால் கீறிப் பிரிக்க வேண்டும்.

கூட இருந்த நண்பர், மருந்துக்கடை கெட்னி, அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ரெண்டே இடம்தான்யா பிரிச்சிருக்கு! கருத்தரிக்கிற பாடம், சுகப்பிரசவக் கஷாயம். டோர்கஸுக்குத் தெரியாததா இதெல்லாம்?"

"கீறின ஓரத்தைப் பாரும்" என்றார் தர்க்கெல்.

காய்ந்த சோப்பு நுரை, அதில் ஒட்டிய தாடி மயிர்த் துணுக்குகள்.

"சவரக் கத்தி!" கெட்னி துள்ளினார்.

பிரித்தது ஓர் ஆண். இருவரும் கூடை கடைசியாகப் போன ஆர்ப்வுட் வீட்டுக்குப் போனார்கள்.

"பிரசவ அறைக்குள்ள ஆம்பளைய விடமாட்டாங்க. மருத்துவச்சி கூடை எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் தர்க்கெல்.

"வெளியில... என் பக்கத்துல." ஆர்ப்வுட் உடைந்து போனார். "சர்ச் பொறுப்புல இருக்கிறவன் இதையா படிக்கிறான்னு ஊர் சிரிக்குமேன்னு கூடைக்குள்ள போட்டுட்டேன். ஆனா கஷாயத்தால ஒண்ணுமில்ல ஐயா. சுகமா பிறக்கட்டும்னு முந்தின நாளே நான்தான் காய்ச்சிக் குடுத்தேன். அப்ப வலியே வரல."

பிரிக்காத மடிப்புக்குள் எட்டிப் பார்த்து தர்க்கெல் ஏற்கெனவே படித்திருந்தார்; காட்ட மனம் வரவில்லை. ஆனால் டோர்கஸைக் காப்பாற்ற வேறு வழியும் இல்லை. கஷாயப் பக்கத்தை அடுத்த மடிப்பைக் கீறிப் பிரித்து நீட்டினார்.

'வலி எடுக்குமுன் இதைக் கொடுக்கலாகாது. கொடுத்தால் தாயும் சேயும் தங்கார்.'

ஆர்ப்வுட் இரண்டு முறை படித்தார். கெட்னியின் கடையில் இதற்கு மருந்து கிடையாது.

"கசக்குதுன்னு பாதியில வச்சுட்டா ஐயா" என்றார் ஆர்ப்வுட். "நான்தான் கெஞ்சிக் கெஞ்சி மீதியையும் குடிக்க வச்சேன்."