சார்ஜாவிலிருந்து வந்த வெள்ளம்

தென்காசியிலிருந்து குற்றாலம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் தென்காசிக்காரர்கள் சிரிப்பார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் "எந்த ஊரு?" என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்வீர்கள். "அங்கன யாரு வீடு?" என்று அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் குற்றாலம் வந்துவிடும். அவ்வளவுதான் தூரம்.

அப்படிப்பட்ட குற்றாலத்தில் வெள்ளம் வந்துவிட்டது என்று தென்காசிக்காரர்கள் எங்கிருந்து தெரிந்துகொண்டார்கள் தெரியுமா? போனிலிருந்து! குற்றாலம் போய் வந்த பஸ் கண்டக்டரிடம் ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், அதுதான் இல்லை.

ஒரு வீடியோ. கூடவே யாரோ ஒருவர் பேசிய குரல். சனிக்கிழமை காலையில் அது கடையத்தில் இருந்தது. மத்தியானம் செங்கோட்டையைத் தாண்டியது. சாயங்காலம் மதுரைக்கே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நல்ல சாரல். அருவியில் அளவான தண்ணீர். குளிக்கத்தான் ஆள் இல்லை. பொரி, கடலை பிடுங்கித் தின்ன ஆள் கிடைக்காமல் குரங்குகள்கூடத் திண்டாடிப் போயின.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் கோமதி டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: 'சமூக ஊடகத்தில் இன்று நாம் காணும் ஒரு சிக்கல்.'

"தகவல் கட்டுரை எழுதணும். யார் பக்கமும் சாயக்கூடாது. நல்லா வர்ற கட்டுரையை வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்துல வாசிக்கலாம்" என்றார்.

நிலோபர் பேனாவைத் திறந்தவள், மூடாமல் எழுதினாள். அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கரேஸ்வரி காலையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். சங்கரியின் அப்பா மாடக்கண்ணு, குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சாரல் காலத்தில்தான் அவருக்கு வேலை. ஆளே வராவிட்டால் யார் தலையில் தேய்ப்பார்?

"அடுத்த ஞாயிறும் இப்படியே இருந்தா, அப்பா திருப்பூருக்குப் போயிருவாராம். பனியன் கம்பெனி வேலைக்கு. இனி தீபாவளிக்குத்தான் வருவாராம்" என்றாள் சங்கரி.

நிலோபருடைய வாப்பா இஸ்மாயில் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். அப்பா ஊரில் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் எழுதியதை டீச்சர் வாய்விட்டுப் படித்தார்: "யாரோ ஒரு மூளை கெட்ட மனிதர் வேலைவெட்டி இல்லாமல் பொய்யைப் பரப்பியிருக்கிறார். அவருடைய நாக்கில் மிளகாய் தேய்க்க வேண்டும்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது கட்டுரை இல்லம்மா, குழாயடிச் சண்டை. சரி, அந்த மனுஷன் பேசினதை நீ கேட்டியா?" என்றார்.

ஊரே கேட்டிருந்தது. நிலோபர் கேட்கவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் உம்மாவிடம் சொல்லிவிட்டு, நிலோபர் சங்கரியோடு குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள். மாடக்கண்ணு வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். எப்போதும் எண்ணெய் மினுக்கும் கைகள் காய்ந்து கிடந்தன.

"மாமா, அந்த வாய்ஸ் உங்ககிட்ட இருக்கா?"

"ஏன் இல்லாம? எனக்கே மூணு பேரு அனுப்பிட்டாங்க! நான் அருவிக்கு முன்னால நிக்கேன். எனக்குச் சொல்லுதாங்க, 'அண்ணாச்சி, ஓடிருங்க, வெள்ளம் வருது'ன்னு. நான் திரும்பிப் பாக்கேன், ஒரு குரங்குதான் வருது!"

சங்கரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாடக்கண்ணு முதலில் வீடியோவைக் காட்டினார். அருவிக்கு முன்னால் வளைவாகக் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டியது. ஜனங்கள் விழுந்தடித்து ஓடினார்கள்.

"இந்தா, இடது பக்கம் சட்டையில்லாம ஓடுதான் பாரு, பெரிய மீசைக்காரன். அது யாரு?"

நிலோபர் உற்றுப் பார்த்தாள். "மாமா, நீங்களா!"

"நானேதான். திருச்செந்தூர்ல மொட்டை போட்டப்ப மீசையும் போச்சு. அது ஆச்சு நாலு வருஷம். அதுக்குப் பெறவு நான் மீசையே வைக்கல. அப்போ இது எப்ப எடுத்த வீடியோன்னு நீயே சொல்லு."

நிலோபர் நோட்டைத் திறந்து வேகமாகக் குறித்துக்கொண்டாள். கட்டுரைக்கு இதைவிட நல்ல தகவல் கிடைக்குமா? "இப்ப அந்த வாய்ஸைப் போடுங்க மாமா" என்றாள்.

"எம்மா, ஞாயித்துக்கிழமை குற்றாலம் பக்கமே போவாதீங்க, கேட்டியா. தண்ணி ஆர்ச்சைத் தாண்டி ஊத்துது. இன்னும் ஒரு மாசத்துக்கு யாரையும் விடமாட்டாங்களாம். புள்ளைகளப் பத்திரமாப் பாத்துக்கோ, கேட்டியா."

நிலோபரின் பேனா அப்படியே நின்றது.

'சாப்பிட்டியா? படிச்சியா? தம்பிகூடச் சண்டை போடாத, கேட்டியா.' தினமும் சாயங்காலம் போனில் கேட்கிற குரல். அவள் மிளகாய் தேய்க்கச் சொன்ன நாக்கு, வாப்பாவுடையது!

"யாரா இருக்கும்ட்டி?" என்று கேட்டாள் சங்கரி.

"தெ... தெரியலையே" என்றாள் நிலோபர். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவளுக்குச் சந்தோஷமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உம்மா ரஹ்மத்துன்னிசாவிடம் கேட்டாள். "உம்மா, வாப்பா குற்றாலத்தப் பத்திப் பேசினதை யாருக்கு அனுப்புனீங்க?"

"நம்ம சொந்தக்காரங்க குரூப்புக்குத்தான். அவங்களும் புள்ளைகளக் கூட்டிட்டுக் குளிக்கப் போவாங்கல்லா? நல்லதுதானே?"

நல்லதுதான். அதுதானே தொல்லை! ஒவ்வொருத்தரும் நல்லதுக்கென்றே அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று வாப்பா அழைத்ததும் நிலோபர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மீசைக் கதையைக் கேட்டு வாப்பா போன் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். திருப்பூர் கதையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இங்கன ரூம்ல ஒருத்தன் வீடியோவைக் காட்டினான். நீங்க ஞாயித்துக்கிழமை குளிக்கப் போறதாச் சொன்னது நெனப்பு வந்திருச்சு. பதறிப்போய்ப் பேசிட்டேம்மா" என்றார்.

"ஒரு மாசம் விடமாட்டாங்கன்னு யாரு சொன்னா?"

வாப்பா தொண்டையைச் செருமினார். "அது... நானாத்தான் சேத்தேன். இல்லன்னா அடுத்த வாரம் கிளம்பிருவீங்கள்லா?"

"வாப்பா!"

"தப்புதான். ஆனா கட்டுரையில என் பேரை எழுதிராத. ஊருக்கு வந்தா நாலு பேரு சிரிப்பாங்க."

நிலோபர் சொன்னாள். "யார் பக்கமும் சாயக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. வேற யாராவது பேசியிருந்தா நான் நல்லாத் திட்டி எழுதியிருப்பேன். எழுதியும் வச்சிருந்தேன். இப்ப நீங்கன்னு தெரிஞ்சதும் உங்க பக்கமே சாஞ்சு கிடக்கேன் வாப்பா. நிமிரவே முடியல."

போனில் வாப்பாவின் முகம் மாறியது. மகளையே பார்த்தார்.

"சரிம்மா, எழுது. ஆனா நான் எதுக்காகப் பேசினேன்னும் எழுதிரு."

"அதையும் எழுதுவேன். ஆனா கட்டுரை வாசிச்சா எங்க ஸ்கூலுக்குத்தான் தெரியும். மதுரை வரைக்கும் போனதை யாரு திருப்பிக் கூட்டிட்டு வர? நீங்கதான் மறுபடியும் பேசணும் வாப்பா. குற்றாலத்துல நிக்குற மாடக்கண்ணு மாமா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. சார்ஜாவுல இருந்து நீங்க சொன்னா நம்புவாங்க!"

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நிலோபர் சங்கரியிடம் உண்மையைச் சொன்னாள்.

சங்கரி எழுந்து போய் வேறு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மணி அடிக்கப் போகிற நேரத்தில் சங்கரி திரும்பி வந்தாள்.

"உங்க வாப்பா எப்ப ஊருக்கு வருவாரு?"

"அடுத்த வருஷம்."

"அவ்வளவு நாளா?"

"ம்."

சங்கரி தன் டப்பாவைத் திறந்து பாதி முறுக்கை ஒடித்து நிலோபரின் கையில் வைத்தாள். "நேத்து தெரியலன்னு சொன்னேல்லா, அதுக்குத்தான் கோவம். உங்க வாப்பா மேல இல்ல. இனிமே எங்கிட்ட ஒளிக்காத" என்றாள். பிறகு, "அருவி இப்ப எப்படி இருக்குன்னு நாமளும் ஒரு வீடியோ எடுத்து அனுப்புவோம். ஆனா அது இப்ப எடுத்ததுன்னு எப்படிட்டி நம்ப வைக்க?" என்று கேட்டாள்.

நிலோபரின் கண்கள் மின்னின. "தேதி கிழிக்குற காலண்டர் வீட்டுல இருக்குல்லா?"

வியாழக்கிழமை சாயங்காலம் மெயின் அருவிக்கு முன்னால் ஒரு படப்பிடிப்பே நடந்தது. உம்மாவின் கையில் போன். நிலோபரின் தம்பி, ஐந்து வயது சுஹைப், தன்னைவிட அகலமான காலண்டரை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றான். பின்னால் அருவி சமர்த்தாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மாடக்கண்ணு, மீசை இல்லாமல்.

"இன்னைக்கு வியாழக்கிழமை! தண்ணி நல்லா விழுது! எல்லாரும் வாங்க!" என்று சுஹைப் தொண்டை கிழியக் கத்தினான்.

அவன் வாயை மூடுவதற்குள் ஒரு குரங்கு வந்தது. காலண்டரை ஒரே இழுப்பாக இழுத்தது. கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு வியாழனைக் கிழித்தது, வெள்ளியைக் கிழித்தது, சனியைக் கிழித்தது, ஞாயிற்றைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டது.

"உம்மா! ஞாயித்துக்கிழமையத் தின்னுட்டு!" என்று சுஹைப் அலறினான்.

"மறுபடியும் எடுப்போமா?" என்றாள் உம்மா, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

"வேண்டாம் உம்மா. இதுதான் சரி. வெள்ளத்தைவிட வேகமாப் போகும் பாருங்க!" என்றாள் நிலோபர்.

அந்த வீடியோவோடு வாப்பாவின் குரலும் சேர்ந்து போனது. "போன வாரம் குற்றாலத்துல வெள்ளம்னு பேசினது நான்தான். பாக்காமப் பேசிட்டேன். அது நாலஞ்சு வருஷத்துக்கு முந்தின வீடியோ. ஒரு மாசம் விடமாட்டாங்கன்னு நானாச் சேத்துச் சொன்னது. மன்னிச்சிருங்க. இன்னைக்கு வியாழக்கிழமை தண்ணி நல்லா இருக்கு. போற அன்னைக்கு ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போங்க, கேட்டியளா."

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் நிலோபர் கட்டுரையை வாசித்தாள்.

"இதை முதலில் பேசியவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தந்தை. தன் பிள்ளைகளுக்கு ஆபத்து வரக்கூடாது என்று பேசினார். ஆனால் வீடியோ எப்போது எடுத்தது என்று அவர் பார்க்கவில்லை. ஒரு மாதம் என்பதை அவராகவே சேர்த்தார். அடுத்தவர்களுக்கு அனுப்பியவர்கள் அக்கறையோடு அனுப்பினார்கள். அவர்களும் விசாரிக்கவில்லை. அதனால் அருவியில் வேலை பார்க்கும் ஒரு தந்தை தன் மகளை விட்டு வெளியூர் போகும் நிலை வந்தது. முதலில் பேசியவர் என் வாப்பா. இரண்டாவதாக அனுப்பியவர் என் உம்மா. கேட்காமலேயே திட்டி எழுதியவள் நான்."

பின் வரிசையிலிருந்து ஹுஸைஃபா கையைத் தூக்கினான். "டீச்சர், அந்தக் குரங்கைப் பத்திக் கட்டுரையில ஒண்ணும் இல்லையே?"

பள்ளிக்கூடமே சிரித்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே நிலோபரின் தோளைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நிலோபர் வீட்டார் எல்லோரும் குற்றாலத்துக்குப் போனார்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. கடைத்தெருவில் நடக்க இடமில்லை. "குரங்கு ஞாயித்துக்கிழமையத் தின்ன எடம் எங்கன இருக்கு?" என்று யாரோ மதுரைக்காரர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சங்கரி தூக்குச்சட்டியோடு ஓடி வந்தாள். "ஏட்டி! அப்பா போகலையாம்! திருப்பூருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு! காலையில இருந்து சாப்பிடக்கூட நேரமில்ல!"

அவள் நிலோபரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு பேரும் மாடக்கண்ணுவைத் தேடிப் பிடித்தார்கள். அவருக்கு முன்னால் நாலைந்து பேர் துண்டோடு வரிசையில் நின்றார்கள். கையெல்லாம் எண்ணெய். அதனால் அவர் வாயை மட்டும் 'ஆ' என்று திறந்தார். சங்கரி சோற்றை உருட்டி ஊட்டிவிட்டாள்.

நிலோபர் வாப்பாவை வீடியோவில் அழைத்து, போனை மாடக்கண்ணுவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அண்ணாச்சி, நான்தான் நிலோபர் வாப்பா..." என்று தயங்கினார் இஸ்மாயில்.

மாடக்கண்ணு வாய்ச் சோற்றை அவசரமாக விழுங்கினார். "அண்ணாச்சி! நீங்க ஊருக்கு வந்ததும் நேரா இங்கன வாங்க. உங்களுக்குத் தேய்க்கிற தேய்ப்புல, எலும்பை ஒவ்வொண்ணா எண்ணிக் கையில குடுக்கேனா இல்லையா பாருங்க!"

"வாரேன் அண்ணாச்சி! எண்ணி முடிச்சதும் இருந்த இடத்துலயே மாட்டி விட்டுருங்க. எம்மவ ஒண்ணு குறைஞ்சாலும் கட்டுரை எழுதிருவா!" என்று சார்ஜாவிலிருந்து பதில் வந்தது.